திரையை நிரப்ப வெட்டப்பட்ட படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருப்புப் பட்டை வந்தால் மேலேயும் கீழேயும் படம் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை, நேர் எதிர். படத்தின் முழு அகலமும் டிவியின் அகலத்துக்குள் அடங்கிய பிறகு மிச்சமாகும் இடம்தான் அந்தப் பட்டை. அங்கே காட்டப் படமே கிடையாது. ஸ்கோப்பில், அதாவது சினிமாஸ்கோப் போன்ற மிக அகலமான வடிவில், எடுத்த படம் பட்டையே இல்லாமல் டிவி முழுக்க நிரம்பி ஓடினால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்படி ஓடுவதற்கு மூன்றே வழிகள்: பக்கவாட்டில் வெட்டியிருக்கிறார்கள், மேலும் கீழும் இழுத்திருக்கிறார்கள், அல்லது தியேட்டரில் மறைத்திருந்த பகுதியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மூன்றுமே கீழே வருகின்றன.

1.33, 1.85, 2.39 என்ற எண்கள் எதைச் சொல்கின்றன?

படச்சட்டத்தின் அகலத்தை உயரத்தால் வகுத்தால் வரும் எண். பழைய பெட்டி டிவி 4:3, அதாவது 1.33. இப்போதைய டிவி 16:9, அதாவது 1.78. 1930-களில் நிலைத்த அகாடமி விகிதம் 1.37, பழைய டிவிக்குள் அது ஏறக்குறைய அப்படியே பொருந்தும். டிவி வீட்டுக்குள் வந்து தியேட்டர் காலியாகத் தொடங்கியதும், வீட்டில் கிடைக்காத அகலத்தைக் காட்ட ஹாலிவுட் 1953-இல் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. முதலில் 2.55, பிறகு 2.35, 1970-களிலிருந்து 2.39. டிஸ்க் உறைகளில் இன்றும் 2.35 என்றோ 2.40 என்றோ அச்சிடுவார்கள். பெரும்பாலும் எல்லாம் ஒரே ஸ்கோப்தான், அந்தச் சின்ன வித்தியாசத்துக்காகச் சண்டை போட வேண்டாம். ஸ்கோப் அல்லாத அகலத்திரைப் படங்களுக்கு அமெரிக்காவில் 1.85-ம் ஐரோப்பாவில் 1.66-ம் அதிகம் புழங்கின.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய கருப்பு வெள்ளைப் படம் ஒன்று 16:9 டிவியில் இரு பக்கமும் பட்டை இல்லாமல் நிரம்பி ஓடினால், அநேகமாகத் தலையோ காலோ போயிருக்கிறது.

டிவியோடு போட்டி போட அகலமாக்கிய படத்தை அதே டிவிக்காக மறுபடி ஒடுக்கினார்கள். இந்தத் தலைவலி முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எவ்வளவு படம் போகிறது? கணக்குப் போட வழி உண்டா?

சின்ன விகிதத்தைப் பெரிய விகிதத்தால் வகுத்தால் மிச்சமிருப்பது கிடைக்கும். 2.39 படத்தை 1.33 சட்டத்தில் நிரப்பினால் 1.33 ÷ 2.39 = 0.56. ஒரே நேரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் கண்ணில் படும். 44 சதவீதம் காலி. 1.85 படம் என்றால் 28 சதவீதம் போகும். 2.39 படத்தை இன்றைய 16:9 டிவிக்கு நிரப்பினால் 26 சதவீதம். 1.33-இல் எடுத்த பழைய படத்தை 16:9-க்கு நிரப்பினால் மேலும் கீழுமாகக் கால் பங்கு. 1.85-ஐ 1.78 ஆக்கினால் 4 சதவீதம்தான். அதைப் பெரும்பாலானோர் கவனிக்கவே மாட்டார்கள், கவனித்தாலும் மன்னித்துவிடலாம்.

'பேன் அண்ட் ஸ்கேன்' என்பது நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதா?

அப்படி மட்டும் செய்திருந்தால் பாதிக் காட்சிகளில் பேசுகிறவரே இருக்க மாட்டார். ஃபிலிமை வீடியோவாக மாற்றும் டெலிசினி அறையில் ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு ஷாட்டிலும் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று முடிவு செய்வார். மேஜையின் இரு முனைகளில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் ஸ்கோப் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 4:3 சட்டத்துக்குள் இருவரும் அடங்க மாட்டார்கள். நடுவை எடுத்தால் இடது ஓரத்தில் ஒரு மூக்கு, வலது ஓரத்தில் ஒரு மூக்கு, நடுவில் பூ ஜாடி. இதைத் தவிர்க்க அவருக்கு இரண்டே வழிகள். ஒன்று, பேசுகிறவர் மாறும்போதெல்லாம் இடதுக்கும் வலதுக்கும் வெட்டுவது. இயக்குநர் ஒரே ஷாட்டாக விட்ட இடத்தில் ஐந்தாறு 'கட்' முளைக்கும். கேட்டுக்கொண்டிருப்பவரின் முகபாவம் காணாமல் போகும். இரண்டு, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சட்டத்தை நகர்த்துவது.

அந்த நகர்த்தலைக் கண்டுபிடிக்கலாம். உண்மையான கேமரா திரும்பினால் ஓரங்களில் பொருட்களின் பார்வைக்கோணம் மாறிக்கொண்டே வரும். இது அட்டையில் ஒட்டிய படத்தைப் பக்கவாட்டில் இழுத்ததுபோல் தட்டையாக நகரும். சீரான வேகத்தில் தொடங்கி, வெடுக்கென்று நிற்கும்.

இன்னொரு அடையாளம் டைட்டில். எழுத்துகள் அகலம் முழுக்கப் பரவியிருப்பதால் அவற்றை வெட்ட முடியாது. அதனால் டைட்டில் ஓடும்வரை மட்டும் பட்டையோடு காட்டிவிட்டு, 'இயக்கம்' என்ற பெயர் மறைந்ததும் படம் பொசுக்கென்று திரையை நிரப்பும். சில பிரதிகளில் டைட்டில் காட்சியைப் பக்கவாட்டில் நசுக்கியிருப்பார்கள். குதிரையும் ஆட்களும் ஒட்டடைக் குச்சி மாதிரி நிற்பார்கள்.

வெட்டியது போக மிஞ்சிய பகுதியைப் பெரிதாக்க வேண்டியிருப்பதால் படத்தின் கூர்மையும் குறையும். பழைய கேசட்டுகளின் மங்கலுக்கு டேப் மட்டுமே காரணமில்லை.

4:3 டிவியை நிரப்பும் 'ஃபுல் ஸ்கிரீன்' பிரதியில் தியேட்டரில் பார்த்ததைவிட அதிகம் தெரிகிறதே, அது எப்படி?

அது ஓப்பன் மேட். 1.85 படங்கள் பலவற்றில் ஃபிலிமில் பதிவாவது கிட்டத்தட்ட 4:3 சட்டம்தான். தியேட்டர் புரொஜெக்டரில் ஒரு தகடு மேலும் கீழும் மறைத்து 1.85 ஆக்கும். வீடியோவுக்கு மாற்றும்போது அந்த மறைப்பை எடுத்துவிட்டால் பக்கவாட்டில் அதிகம் வெட்டாமலே 4:3 நிரம்பிவிடும். சூப்பர் 35 முறையில் எடுத்த ஸ்கோப் படங்களிலும் இப்படித்தான்: ஃபிலிமின் முழு உயரமும் பதிவாகும், அதிலிருந்து 2.39 பட்டையை மட்டும் தியேட்டருக்கு எடுப்பார்கள்.

'அதிகப் படம் கிடைக்கிறதே, நல்லதுதானே' என்று இதற்கு வக்காலத்து வாங்குபவர்கள் உண்டு. ஒப்புக்கொள்ள முடியாது. ஒளிப்பதிவாளர் சட்டம் கட்டியது தியேட்டர் விகிதத்துக்கு. திறந்துவிட்டால் நடிகரின் தலைக்கு மேல் வெற்று இடம் நிற்கும், நெருக்கமாகத் தெரிய வேண்டிய முகம் தள்ளிப்போகும், மைக் தொங்கும், கேமரா நகரத் தரையில் போட்ட தண்டவாளம் தெரியும். கிராஃபிக்ஸ் ஷாட்டுகளைப் பெரும்பாலும் தியேட்டர் விகிதத்துக்கு மட்டுமே செய்வதால், அந்த ஷாட்டுகள் வரும்போது மட்டும் படம் திடீரெனப் பக்கவாட்டில் வெட்டுப்படும். ஒரே சண்டைக்காட்சியில் ஒரு ஷாட் திறந்தது, அடுத்தது வெட்டியது என்று மாறி மாறி வரும். எவ்வளவு தெரிகிறது என்பது அளவுகோல் ஆகாது. எந்தச் சட்டத்துக்குள் படத்தை அமைத்தார்களோ, அதுதான் படம்.

விதிவிலக்கும் உண்டு. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் தம் பிற்காலப் படங்கள் சிலவற்றை வீட்டு வீடியோவில் முழுச் சட்டமாகவே வெளியிட விரும்பினார். அதைப் பற்றிய விவாதம் ரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை.

இயக்குநர்கள் எதிர்க்கவே இல்லையா?

எதிர்த்தார்கள். வுடி ஆலன் 'மன்ஹாட்டன்' படம் வீடியோவிலும் ஸ்கோப்பாகவே வர வேண்டும் என்று நின்றார். அது 1980-களிலேயே பட்டையோடு கேசட்டில் வந்தது. சிட்னி பொலாக் தன் 'த்ரீ டேஸ் ஆஃப் த காண்டர்' படத்தை வெட்டி ஒளிபரப்பியதற்காக டென்மார்க் பொதுத்துறை டிவி மீது வழக்கே தொடுத்தார். 1997-இல் வந்த தீர்ப்பு, அப்படி வெட்டியது படைப்பைச் சிதைப்பதுதான் என்று ஏற்றுக்கொண்டது. ஆனாலும் சட்ட நுணுக்கம் ஒன்றில் வழக்கு டிவிக்குச் சாதகமாக முடிந்தது. 'இந்தப் படம் உங்கள் திரைக்கு ஏற்ப மாற்றப்பட்டுள்ளது' என்று ஆங்கிலக் கேசட்டுகளின் தொடக்கத்தில் வரும் அறிவிப்பும் படைப்பாளிகளின் இந்த மாதிரி அழுத்தத்தால் வந்ததுதான். அந்த வரியைப் பார்த்தால் முன்னால் உள்ளது வெட்டிய பிரதி.

டிவிடி வாங்கும்போது உறையில் எதைப் பார்ப்பது?

முன் அட்டையை நம்பாதீர்கள். பின் அட்டையின் அடியில் பொடி எழுத்தில் விகிதம் இருக்கும். 'வைட்ஸ்கிரீன் 2.35:1, 16:9 டிவிக்கு மேம்படுத்தியது' என்றால் தைரியமாக எடுக்கலாம். '1.33:1' அல்லது 'ஃபுல் ஸ்கிரீன்' என்று இருந்தால், படம் எந்த ஆண்டுடையது என்று பாருங்கள். 1953-க்கு முந்தைய ஹாலிவுட் படம், 1973-க்கு முந்தைய தமிழ்ப் படம் என்றால் அது பெரும்பாலும் இயல்பான வடிவமே. பிந்தைய ஹாலிவுட் படம் என்றால் பெரும்பாலும் வெட்டியோ திறந்தோ இருக்கிறார்கள். 'ஃபுல் ஃப்ரேம்' என்ற சொல் இன்னும் மோசம். முழுச் சட்டமும் கிடைக்கும் என்பதுபோல் ஒலிக்கும், உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே ஃபுல் ஸ்கிரீன்தான். வெறும் 'வைட்ஸ்கிரீன்' என்று மட்டும் போட்டு விகிதம் போடாவிட்டால் 2.39 படத்தை 1.78-க்கு வெட்டியிருக்கவும் வாய்ப்புண்டு.

இருபக்க டிஸ்க் என்றால் ஒரு பக்கம் வைட், மறுபக்கம் ஃபுல். நடுத் துளையைச் சுற்றியுள்ள எழுத்து மேலே தெரியும் பக்கத்தைச் சொல்கிறதா, லேசர் படிக்கும் பக்கத்தைச் சொல்கிறதா என்று குழம்பும். போட்டுப் பார்த்து, தப்பான வடிவம் வந்தால் திருப்பிப் போடுங்கள்.

கையில் உள்ள பிரதி வெட்டியதா என்று உறுதியாகத் தெரிந்துகொள்வது எப்படி?

கணினியில் விஎல்சியில் திறந்து, வெளிச்சமான ஒரு வெளிப்புறக் காட்சியில் நிறுத்தி ஸ்னாப்ஷாட் எடுங்கள். இருட்டுக் காட்சி வேண்டாம். பட்டை எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. படம் உள்ள பகுதியின் அகலம், உயரத்தைப் பிக்சலில் அளந்து வகுத்துப் பாருங்கள். 1920 × 1080 ப்ளூ-ரே என்றால் 2.39 படத்துக்கு உயரம் 800-லிருந்து 804 வரை, 1.85-க்கு 1038 அருகே இருக்க வேண்டும். 1.37 படத்துக்கு உயரம் முழு 1080, அகலம் 1480 அருகே. டிவிடியில் பிக்சல்கள் சதுரமல்ல. கோப்பு 720 × 480 அல்லது 720 × 576 என்று காட்டுவதை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாக வரும். திரையில் தெரிகிற வடிவத்தை அளக்க வேண்டும்.

எஃப்எஃப்எம்பெக் பழகியவர்கள் 'க்ராப்டிடெக்ட்' ஃபில்டரைப் பத்தாவது நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் ஓட்டினால் போதும். 1920:800:0:140 என்று வந்தால் படம் 1920 × 800, மேலே 140 வரி கருப்பு என்று அர்த்தம்.

பிறகு படத்தின் அசல் விகிதத்தோடு ஒப்பிட வேண்டும். தியேட்டர் டிரெய்லர் நல்ல சாட்சி: டிரெய்லரிலும் படத்திலும் வரும் ஒரே ஷாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கு ஓரங்களையும் பாருங்கள். ஒரு ஷாட் போதாது. படத்தில் தள்ளித் தள்ளி இருக்கும் மூன்று ஷாட்டுகளை எடுங்கள். பக்கவாட்டில் குறைந்தால் வெட்டு, மேல்கீழ் கூடினால் ஓப்பன் மேட், இரண்டும் கலந்து வந்தால் சூப்பர் 35.

டிஸ்க் சரியாக இருந்தும் டிவியில் ஓரம் போகிறதே?

இங்கேதான் நிறையப் பேர் டிஸ்க்கைத் திட்டுகிறார்கள், குற்றவாளி ரிமோட். முதலில் டிவியின் பிக்சர் சைஸ் மெனுவுக்குப் போங்கள். 'ஜூம்', 'வைட் ஜூம்', 'சினிமா ஜூம்', 'ஆட்டோ' எதில் இருந்தாலும் '16:9'-க்கு மாற்றுங்கள். அதன்பின் ஓவர்ஸ்கேனை அணைக்க வேண்டும். பழைய குழாய் டிவியின் பழக்கத்தில் புது டிவிகளும் ஓரங்களைச் சற்று வெளியே தள்ளிவிடும். அகலத்திலும் உயரத்திலும் 5 சதவீதம் போனாலே பரப்பில் 10 சதவீதம் காலி. இதை அணைக்கும் வசதிக்கு எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஃபிட் டு ஸ்கிரீன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று பெயர். ஒவ்வொரு எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருக்கும். ஒன்றில் மாற்றிவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்.

அடுத்து பிளேயர். டிவிடி பிளேயரின் செட்டப் மெனுவில் 'டிவி டைப்' என்று ஒன்று இருக்கும்: 16:9, 4:3 லெட்டர்பாக்ஸ், 4:3 பேன் ஸ்கேன். அகல டிவி வைத்திருப்பவர்கள் 16:9-ஐ மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். 'பேன் ஸ்கேன்' என்று இருந்தால், டிஸ்க் அனுமதிக்கும்பட்சத்தில் பிளேயரே பக்கங்களை வெட்டிவிடும். பல பிளேயர்களில் டிஸ்க் ஓடும்போது இந்த மெனு மங்கலாக இருக்கும். முழுவதும் நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

நான்கு பக்கமும் பட்டை, நடுவில் தபால்தலை மாதிரி படம். ஏன்?

பழைய டிவிடிகளில் அகலப் படத்தை 4:3 சட்டத்துக்குள் பட்டையோடு சேர்த்தே பதித்திருப்பார்கள். அதை 16:9 டிவி இரு பக்கமும் பட்டை போட்டுக் காட்டுகிறது. இந்த ஒரு வகைக்கு மட்டும் டிவியின் ஜூம் பொத்தான் சரியான மருந்து. வெட்டுப்படுவது வெறும் கருப்புதான். ஆனால் கூர்மை வராது. 480 வரி டிஸ்க்கில் 2.39 படத்துக்கு இப்படிக் கிடைப்பது சுமார் 268 வரிகள். 16:9-க்கு மேம்படுத்திய டிஸ்க்கில் 357. அடிப்பட்டையில் சப்டைட்டில் இருந்தால் ஜூமில் அதுவும் வெளியே போய்விடும்.

முகமெல்லாம் ஒல்லியாக நீண்டு தெரிகிறது. இதுவும் வெட்டா?

இது வெட்டு அல்ல, நசுக்கல். 16:9 படத்தை 4:3 என்று நினைத்துக் காட்டுகிறது. காட்சியில் கடிகாரம், வண்டிச் சக்கரம், முழுநிலா எதுவாவது வரும்வரை பாருங்கள். வட்டம் வட்டமாக இல்லையென்றால் விகிதம் தப்பு. விஎல்சியில் 'ஏ' விசையை அழுத்த அழுத்த விகிதம் மாறும். பக்கத்திலேயே 'சி' விசை இருக்கிறது, அது கிராப்; கை தவறி அதை அழுத்திவிட்டுப் படத்தைக் குறை சொல்பவர்கள் ஏராளம். எம்கேவி கோப்பு என்றால் எம்கேவிடூல்நிக்ஸில் வீடியோ டிராக்கைத் தேர்ந்தெடுத்து விகிதத்தை 16/9 என்று கொடுத்து மீண்டும் சேமியுங்கள். மறுபடி என்கோட் ஆகாது, தரமும் குறையாது.

ஓடிடி காலத்தில் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

திசை மாறியிருக்கிறது. முன்பு அகலப் படத்தின் பக்கங்களை வெட்டினார்கள். இப்போது 4:3-இல் எடுத்த பழைய தொடர்களின் தலையையும் காலையும் வெட்டி 16:9 ஆக்குகிறார்கள். 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது 'த சிம்ப்சன்ஸ்' பழைய பகுதிகள் அப்படித்தான் வந்தன. மூன்று வகை பீர் என்று விற்கும் தொட்டிகள் மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்துதான் பீர் வருகிறது என்பது ஒரு ஜோக். மேல்பகுதி வெட்டுப்பட்டதில் குழாயும் ஜோக்கும் சேர்ந்து போயின. ரசிகர்கள் விடாமல் கத்தியதில் 2020 மே மாதம் 4:3 வடிவம் திரும்பி வந்தது. 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'சைன்ஃபெல்ட்' தொடரில், சாலைக்குழியைப் பற்றிய பகுதியிலேயே குழி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. ஸ்கோப் படங்களை 1.78-க்கு வெட்டிப் போடுவதும் நின்றபாடில்லை. டிவி ஒளிபரப்புக்கென்று தயாரித்த மாஸ்டரை உரிமைதாரர் அப்படியே அனுப்பிவிடுவது இதற்கு அடிக்கடி காரணமாகிறது.

போனில் இரண்டு விரலால் விரித்துப் பார்த்தால்?

20:9 போனில் 16:9 வீடியோவை விரித்தால் உயரத்தில் 20 சதவீதம் போகும். அதே விரல்களைச் சேர்த்துக் கிள்ளினால் திரும்பி வரும். சில செயலிகள் கடைசியாக வைத்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும், அதனால் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தின் நடுவே பட்டை வருகிறது, போகிறது. கோளாறா?

ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த பகுதிகள் உள்ள படங்களில் அப்படித்தான் இருக்கும். திட்டமிட்டது. டிவியை 'ஆட்டோ' ஜூமில் மட்டும் வைக்காதீர்கள்.

பட்டையால் ஓஎல்இடி திரை கெட்டுவிடுமா?

கருப்புப் பட்டையில் பிக்சல்கள் அணைந்தே இருக்கும். தினமும் மணிக்கணக்கில் ஸ்கோப் படம் மட்டுமே பார்த்தால் நடுப்பகுதி பட்டைப் பகுதியைவிடச் சற்று அதிகம் உழைத்திருக்கும். கலந்து பார்ப்பவர்களுக்குக் கவலையில்லை.

வெட்டிய பிரதியை ஏஐ கொண்டு நிரப்பி மீட்கலாமா?

முடியாது. வெட்டிய ஓரத்தில் யார் நின்றார் என்பது அந்தக் கோப்பில் இல்லை. மென்பொருள் ஒரு சுவரையோ மரத்தையோ தன்னிஷ்டத்துக்கு வரைந்து வைக்கும். வேறு நாட்டு டிஸ்க், லேசர்டிஸ்க், புது ஸ்கேன் என்று வேறு பிரதி தேடுவதுதான் ஒரே வழி. சினிமா ஓடுவது விநாடிக்கு 24 பிரேம். அதை 25 பிரேம் வேகத்தில் ஓட்டும் பேல் (இந்தியா, ஐரோப்பாவில் புழங்கிய டிவி முறை) டிவிடியோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால், 120 நிமிடப் படம் அதில் 115 நிமிடம்தான் ஓடும். நீளக் குறைவைப் பார்த்துக் காட்சி வெட்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

வெளியிட்டவரிடம் எப்படிப் புகார் சொன்னால் எடுபடும்?

'படத்தைக் கொன்றுவிட்டீர்கள்' என்று எழுதினால் குப்பைக்குத்தான் போகும். பதிப்பின் பார்கோடு எண் அல்லது தளத்தின் பக்க முகவரி, அசல் விகிதம், இப்போது வரும் விகிதம், மணி-நிமிட-விநாடியோடு மூன்று ஷாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் டிரெய்லர் அல்லது பழைய பதிப்பின் அதே ஷாட். இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் டிவியை மொபைலில் எடுத்த போட்டோ வேண்டாம். 'உங்கள் டிவி செட்டிங்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கோப்பிலிருந்து எடுத்த ஸ்னாப்ஷாட்டே வேண்டும். ஒரே ஆள் பத்து முறை எழுதுவதைவிடப் பத்துப் பேர் அதே மூன்று நேரக்குறியீடுகளைச் சொல்லி எழுதினால் வேலை நடக்கும்.

பலன் கிடைத்த உதாரணமும் இருக்கிறது. 2002-இல் வந்த 'பேக் டு த ஃபியூச்சர்' டிவிடித் தொகுப்பில் இரண்டாம், மூன்றாம் பாகங்களின் சில ஷாட்டுகளில் மறைப்பு தப்பான உயரத்தில் விழுந்திருந்தது. ரசிகர்கள் சட்டம் சட்டமாக ஒப்பிட்டுக் காட்டிய பிறகு, திருத்திய டிஸ்க்குகளை மாற்றிக் கொடுத்தார்கள். பழைய கடையில் அந்தத் தொகுப்பு கண்ணில் பட்டால் அந்த இரண்டு டிஸ்க்குகளிலும் 'வி2' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.